பரிமளா முதலில் பார்த்தது

அடிலெய்டு
18.8.1996

என் அன்புப் பரிமளாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சேர்ந்து ஒரு மாதமும் ஆயிற்று. இத்தனை நாள் எழுதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். திட்டிக்கொள். ஆனால் படித்துவிட்டுத் திட்டு.

இங்கே ஆகஸ்டில் குளிர்காலம். நீ கொடுத்தனுப்பிய ஸ்வெட்டர் மட்டும் போதவில்லை, அதன்மேல் இன்னொன்று. அரிசி கிடைக்கிறது, புளியும் கிடைக்கிறது, ரசம் மட்டும் ரசமாக வரமாட்டேன் என்கிறது. ஆய்வுக்கூடத்தில் என் பெயரைக் 'காலி' என்கிறார்கள். நம் ஊரில் காலி என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வந்த மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார்கள். பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தைப் பூஞ்சை இழைக்குள் ஏற்றியிருந்தார்கள். நம்முடைய அதே பூஞ்சைதான் பரி, பைசோலித்தஸ்! கண்ணை வைத்தேன். இழையின் நுனியில் மெல்லிய குழாய் ஒன்று நீள்கிறது, உப்புகிறது, சுருங்குகிறது, பக்கத்துக் குமிழைத் தேடிப்போய்த் தொடுகிறது. "ஐயோ, பரி, புழு!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் வருட லீவில் சிறுவாச்சூரிலிருந்து நீ எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கினாய். ஜெயங்கொண்டம் ரோட்டுத் தைலமரக் காட்டில், வெடித்த மண்ணிலிருந்து முட்டிக்கொண்டு நின்ற அந்த அவலட்சணமான பூஞ்சை உருண்டைகளைப் பொறுக்கினோம். தாவணி முழுக்க மஞ்சள் பொடி. "படிச்ச புள்ளைங்க சாணியையா பொறுக்கிட்டு வர்றீங்க?" என்று அப்பா சிரித்த சிரிப்பு! அப்புறம் திருச்சி ஹாஸ்டலில் உருளைக்கிழங்குத் தண்ணீரில் அதை நீ வளர்த்ததும், நியூட்ரல் ரெட் சாயம் போட்டுப் பார்த்துவிட்டு, "கலி, உள்ள புழு ஓடுதுடி" என்று என் கையைக் கிள்ளியதும். நான் கண்ணை வைத்தபோது வெறும் வட்ட வட்டமாக மணிகள்தான் இருந்தன. காசிநாதன் சார் உன் படத்தைச் சிவப்பு மையால் அடித்தார். "செல்லுக்குள்ள இருக்குற வாக்குவோல் பைன்னா வட்டமாத்தாம்மா இருக்கும். பொஸ்தகத்தப் பாரு."

வட்டம் இல்லை பரி. குழாய். ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட குழாய்கள். இவர்கள் சில வருடம் முன்னால்தான் இதை எழுதியிருக்கிறார்கள். நீ அதற்கும் முன்னால் பார்த்தாய். நீதான் முதலில் பார்த்தாய். இழைக்குள் சுவர் தடுத்து அறை அறையாக இருக்கிறதே, ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு அந்தக் குழாய் எப்படித் தாண்டுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

நீயும் அந்த மெட்ராஸ் ஸ்காலர்ஷிப் இன்டர்வியூவுக்கு வந்திருந்தால் இந்நேரம் இரண்டு பேரும் இங்கே ஒரே அறையில் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். காய்ச்சல் அன்றைக்கென்று பார்த்தா வரவேண்டும்!

அப்பாவை அவ்வப்போது போய்ப் பார். என் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டு. அம்மா போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை நான் ஒருத்திதான். உன் வீட்டுக்காரரையும் உன் மாமியாரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
கலியம்மாள்


அரியலூர்
21.9.1996

அடியே கலி,

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. காலையில் ஆறு ஐம்பதுக்கு இவர் சிமெண்ட் ஆலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் இட்லியும் வேண்டும், சோறும் வேண்டும். உன் கடிதம் வந்த அன்று சட்னி அடிப்பிடித்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ரத்தினம்மாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கு அர்த்தம் வேறு.

சமையலறை ஜன்னலோரம் நின்று மூன்று முறை படித்தேன். குழாய் என்று நீ எழுதிய இடத்தை மாவுக்கையால் தொட்டுப் பார்த்தேன். காசிநாதன் சார்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வாழ்நாளெல்லாம் மருந்தில் ஊறிச் செத்த செல்லைத்தான் பார்த்தார். செத்ததில் எது ஓடும்?

காய்ச்சலைப் பற்றி இப்போது என்ன பேச்சு? விடு.

உன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் குழியிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கைகட்டி உட்கார்ந்தார், வகுப்பில் உட்காருவதுபோல. குழாய் என்று படித்ததும் கேட்டார்: "ஏங் கண்ணு, இம்மாம் பெரிய கண்ணாடிய வெச்சிகிட்டு, அந்தச் சாணிக்குள்ள என்னா ஓடுதுன்னுதான் பாக்குறாங்களா?"

"ஆமாப்பா. மண்ணுல இருக்குற சத்த உறிஞ்சி அந்தக் குழா வழியாத்தான் மரத்து வேருக்குக் கொண்டு போவுதாம்."

"அப்ப நம்ம பக்கம் யாரும் பாக்காத வேலைதான். எம்பொண்ணு பாக்கட்டும்" என்றார்.

இன்னொரு சேதி. எனக்கு நான்கு மாதம். புளிப்பு வேண்டியிருக்கிறது. உன் ரசத்தை இங்கே அனுப்பு.

பரிமளா


அடிலெய்டு
2.3.1997

அன்புள்ள பரி,

பெண் குழந்தை என்று கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! சுகன்யா என்று பெயர் வைத்தது யார், நீயா அவரா? கண் யார் மாதிரி? மூக்கு உன் மூக்காக இல்லாமல் இருக்கட்டும்.

நான்தான் சுகமாக இல்லை. ஆறு மாதமாக என் கையில் ஒரு குழாய்கூட நிற்கவில்லை. நான் ஸ்லைடு செய்தால் எல்லாம் உடைந்து வட்ட மணிகளாகிவிடுகின்றன. மற்றவர்கள் செய்தால் ஓரளவு வருகிறது, எனக்கு வருவதில்லை. எனக்கு வேண்டியதோ அறைச்சுவரைத் தாண்டும் இடம். அங்கே யாருக்குமே சரியாக வரவில்லை. பேராசிரியை நல்லவர், ஆனால் போன வாரம் "வேறு தலைப்பு எடுத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார். வேறு தலைப்பு என்றால் ஊருக்குத் திரும்பு என்று அர்த்தம்.

நீ அன்றைக்கு எப்படிச் செய்தாய்? நாம் எல்லோரும் ஒரே லேபில்தான் இருந்தோம். உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? ஒன்றுவிடாமல் எழுது பரி. சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே.

கலி


அரியலூர்
10.4.1997

கலி,

மூக்கு என் மூக்குதான். விதி.

குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன், அதனால் கோவையாக இருக்காது. நீ கேட்டதற்குப் பதில்: நான் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் சங்கதி. நீங்கள் எல்லோரும் பூஞ்சையைக் கிள்ளி எடுத்து, ஸ்லைடில் வைத்து, மேலே கண்ணாடித்துண்டை அழுத்தினீர்கள். எனக்குக் கிள்ளி எடுக்கச் சோம்பல். முந்தின நாளே ஸ்லைடின் மேல் கஞ்சி மாதிரி அந்த உருளைக்கிழங்குத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, அதன் ஓரத்தில் பூஞ்சையை வைத்து, ஈரப்பஞ்சோடு என் டிபன் பாக்ஸில் மூடிவிட்டேன். அது தானாகவே ஸ்லைடில் வளர்ந்து வந்தது. சாயத்தை அதன்மேல் ஊற்றவில்லை. வளர்ந்து வரும் வழியில் ஒரு சொட்டு வைத்தேன், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிறத்தில். அதுவாகப் போய்க் குடித்துக்கொண்டது.

கண்ணாடித்துண்டு போடவில்லை. பல்ப் வெளிச்சம் சுடும் என்று ஜன்னல் வெளிச்சத்தை மைக்ராஸ்கோப்பின் கீழ்க்கண்ணாடியில் பிடித்தேன். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தினேன், பக்கத்தில் மோட்டார் ஓடினால் அதிரும். ஸ்லைடை வைத்ததும் பார்க்கவில்லை. எண்ணி ஒரு கால் மணி நேரம் சும்மா இருந்தேன். அதற்குத் தொடப்பட்டது மறந்துபோக வேண்டும். நுனி அறையைப் பார். நுனியை மட்டும் எதுவும் தொடக் கூடாது. பயந்தால் உருண்டுகொள்ளும், மரவட்டை மாதிரி.

நீ பார்த்தபோது ஏன் மணிகள் இருந்தன தெரியுமா? சந்தோஷத்தில் உன்னைக் கிள்ளினேனே, அப்போது நீ துள்ளி மேசையில் இடித்தாய்.

சுகன்யா எழுந்துவிட்டாள். உன் அப்பாவுக்குக் கொஞ்சம் இருமல். தூசு என்கிறார்.

பரிமளா


அடிலெய்டு
30.8.1998

என் தங்கமே பரி,

இத்துடன் ஒரு கட்டுரை இணைத்திருக்கிறேன். ஆமாம், அச்சில் வந்தது! என் பெயர் முதலில்.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். இங்கே பணியாரக்குழி மாதிரி ஒரு கண்ணாடித்தட்டு இருக்கிறது, அதில் வளரவிட்டு, அதைத் தொடாமலே பார்த்தேன். முதல் நாளே வந்துவிட்டது. குழாய் அறைச்சுவர்வரை வருகிறது. சுவர் நடுவில் ஊசிக்கண்ணைவிடச் சிறிய துளை. அதில் நுழைகிறது. உள்ளே இருக்கும் சரக்கு குழாயை உப்பவைத்துக்கொண்டே நகர்கிறது, பாம்பு தவளையை விழுங்கும்போது வயிறு நகருமே, அப்படி. அடுத்த அறைக்குள் போய் அங்கே ஒரு குமிழில் இறங்குகிறது. சில சமயம் அங்கிருந்து இங்கே வருகிறது. ஒரே குழாய், இரண்டு பக்கமும். ஒரு மணி நேரம் நாற்காலியில் இருந்து எழவில்லை. பேராசிரியை பின்னால் நின்றுகொண்டு மூச்சுவிடாமல் பார்த்தார். நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அப்பாவின் இருமல் பற்றி மகேஷும் எழுதியிருந்தான். சித்தப்பா மகன் என்றாலும் அவனுக்கு எதையும் முழுதாக எழுதத் தெரியாது. நீ போய்ப் பார்த்துச் சொல். பிப்ரவரியில் தீசிஸ் கொடுக்க வேண்டும். கொடுத்த மறுநாள் கிளம்பிவிடுவேன். அதுவரை பார்த்துக்கொள் பரி. உன்னைத்தான் கேட்க முடியும்.

கலி


அரியலூர்
17.1.1999

கலி,

போனில் இவர் சொன்னதற்கு மேல் உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தெரியவேண்டியதை எழுதுகிறேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து நான் தினமும் போனேன். காலையில் கஞ்சி, சாயங்காலம் வெந்நீர். ஆஸ்பத்திரியில் நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சுகன்யா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் அவளை "டாக்டரம்மா" என்று கூப்பிடுவார். உன் மேல் இருந்த ஆசையெல்லாம் அவள்மேல் இறங்கிற்று.

கட்டுரை வந்த நாளிலிருந்து அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். இங்கிலீஷ் என்றாலும் படம் இருக்கிறதே. ஒருநாள் எடுத்துக் காட்டி, "இதுல எது செவுரு?" என்று கேட்டார். காட்டினேன். "செவுத்துல ஓட்ட போட்டு, சாமானு மட்டும் கைமாறிப் போவுது. அறை அங்கனயே கெடக்குது. அப்டித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க குழியிலயும் அப்டித்தாங் கண்ணு. கூடை கைமாறி மேல போவும். நாங்க நின்ன எடத்துலயே நிப்போம்." சொல்லிவிட்டு இருமினார். நானும் அவரும் சிரித்துவிட்டோம்.

ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு நான் கஞ்சியோடு போனபோது பேச்சு இருந்தது. "கலிக்கு எழுதுனியா?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். பொய்தான், பத்து நாளாக எழுதவில்லை. "வரச் சொல்லாத. வேலைய முடிக்கட்டும்." இரண்டு வாய் கஞ்சி குடித்தார். மூன்றாவதற்கு வாயைத் திறக்கவில்லை. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், கலி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

மகேஷ் கொள்ளி வைத்தான். இவர் எல்லாம் கூட இருந்து செய்தார். கட்டுரையை அவரோடு வைக்கலாமா என்று மகேஷ் கேட்டான். வேண்டாம் என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீ வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். சாப்பிடு.

பரிமளா


அடிலெய்டு
26.2.1999

பரி,

தீசிஸ் கொடுத்துவிட்டேன். கிளம்பவில்லை. யாரைப் பார்க்க வருவது?

போகுமிடமெல்லாம் உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கரண்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தாய் என்ற இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. என் அப்பாவின் கடைசி வாய்க் கஞ்சியை நீ ஊட்டினாய். இதற்கு மேலும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

95 நவம்பர். மெட்ராஸ் இன்டர்வியூவில் ஒரு கேள்வி கேட்டார்கள். "புத்தகத்தில் இல்லாத ஒன்றை நீங்களாகப் பார்த்ததுண்டா?" எனக்கு எதுவும் இல்லை பரி. வாய் உலர்ந்துபோயிற்று. பிறகு சொன்னேன். தைலமரக் காடு, பூஞ்சை, சாயம், இழைக்குள் ஓடிய புழு. எல்லாம் சொன்னேன். 'நான் பார்த்தேன்' என்றேன். படமும் போட்டுக் காட்டினேன், நீ போட்ட படத்தை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

இங்கேயும் அதையே சொன்னேன். உனக்கு அனுப்பிய கட்டுரையின் இரண்டாம் பாராவைப் பார். 'கட்டுரையாளர் மாணவியாக இருந்தபோது 1992-இல் கண்டது' என்று இருக்கும். செய்முறையும் என்னுடையது என்றுதான் இருக்கிறது. உன் டிபன் பாக்ஸுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறேன்.

காய்ச்சலால் நீ போகவில்லை என்று பிறகு கேட்டபோது, இனி இது வெளியே வராது என்று நிம்மதிகூடப் பட்டேன். எவ்வளவு கேவலம்.

என்னை மன்னிப்பாயா? என்ன செய்ய வேண்டும் என்று சொல். எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

கலியம்மாள்


அடிலெய்டு
14.1.2001

அன்புள்ள பரிமளா,

பொங்கல் வாழ்த்து. உன் பதில் இல்லாமல் நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. பழைய முகவரிதானே? அரியலூர் இப்போது தனி மாவட்டம் ஆகிவிட்டதாமே, உறையில் அப்படியே எழுதியிருக்கிறேன். போன் செய்தேன். உன் மாமியார் எடுத்து, "பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கு" என்றார். நீ வேலைக்குப் போகிறாய் என்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

சுகன்யாவுக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன். அவளிடம் கொடுத்தால் போதும். பதில் வேண்டாம்.

கலி


அரியலூர்
5.6.2003

கலியம்மாளுக்கு,

உன் பன்னிரண்டு கடிதங்களும் வந்தன. பிரித்தேன், படித்தேன், அடுக்கி வைத்தேன். இதற்குள் எங்கள் மாவட்டம் பிரிந்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தும்விட்டது. நான்கு வருடம் பெரிய காலம்தான்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. நானும் மெட்ராஸுக்கு வந்தேன். உனக்கு முதல் நாள், எனக்கு மறுநாள். நீ காலை ரயிலுக்கே திரும்பிவிட்டாய், அதனால் பார்க்கவில்லை. என் அப்பா பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்திருந்தார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னையும் அதே கேள்வி கேட்டார்கள். எனக்கு வாய் உலரவில்லை. நான்தான் பார்த்திருக்கிறேனே, தடங்கலில்லாமல் சொன்னேன். பாதியில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நேத்து உங்க ஊர்ப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு இதையே சொல்லிட்டுப் போச்சேம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே நோட்ஸா?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. நான்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் விசாரித்துக்கொண்டா இருப்பார்கள்? இரண்டு பேரையும் தள்ளிவிட்டு மூன்றாம் ஆளுக்குக் கொடுத்திருப்பார்கள். உன் அப்பா குழிக்குள் நின்றது என் கண்ணில் வந்தது. "ஆமா சார், ஒரே நோட்ஸ்தான்" என்றேன். எழுந்து வந்தேன். "என்னாச்சும்மா?" என்று அப்பா கேட்டார். "கேள்வி கஷ்டம்ப்பா" என்றேன். உன்னிடம் சொல்லக் காய்ச்சல் என்ற பொய்யைத் திரும்பும் வழியில், விழுப்புரம் தாண்டி யோசித்தேன்.

ஆக, நீ விமானம் ஏறும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஸ்வெட்டர் கொடுத்தேன். தெரிந்துதான் செய்முறை எழுதினேன். உன் முதல் கடிதத்தில், நீதான் முதலில் பார்த்தாய் என்று எழுதியிருந்தாய். அது எனக்குப் போதுமாக இருந்தது. கட்டுரை வந்தபோது இரண்டாம் பாராவைப் படித்தேன். உன் அப்பாவிடம் அந்த வரியை மட்டும் படித்துக் காட்டவில்லை.

பிறகு ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்பாய். நீ வாய் திறக்காதவரை நான் கொடுத்தவள், கலி. யாருக்கும் தெரியாமல் கொடுத்தவள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அடிப்பிடித்த சட்னிக்கு நடுவில் அந்தப் பெருமையைத்தான் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். நீ ஒரு கடிதம் எழுதி என்னைப் பறிகொடுத்தவளாக ஆக்கிவிட்டாய். உன் பாரம் இறங்கிற்று, அதை என்மேல் ஏற்றி வைத்தாய்.

மன்னிப்புக் கேட்டாய். என்னிடம் இப்போது அது இல்லை. இருந்தால் ஒளித்து வைத்துக்கொள்ள மாட்டேன்.

கலர் பென்சில் தீர்ந்துவிட்டது. சுகன்யா நன்றாகப் படிக்கிறாள். நான் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் எடுக்கிறேன்.

பரிமளா


அடிலெய்டு மலைப்பகுதி
9.5.2005

அன்புள்ள பரிமளா,

என்ன செய்ய வேண்டும் என்று உன்னைக் கேட்டதே தப்பு. அதையும் உன் தலையில்தான் கட்டப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த முறை கேட்காமல் செய்தேன்.

கட்டுரை வந்த அந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு உண்மையை எழுதினேன். பேராசிரியையிடம் நேரில் சொன்னேன். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை, கதவைச் சாத்திவிட்டு, "அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள்?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் எனக்குத் தண்டனையாக இருந்தது.

திருத்தம் அச்சாகிவிட்டது. பிரதி இணைத்திருக்கிறேன். '1992-இல் முதலில் கண்டவரும், செய்முறையை உருவாக்கியவரும் பரிமளா, அரியலூர்.' பல்கலைக்கழகத்தில் என் வேலையை நீட்டிக்கவில்லை. நியாயம்தான். இப்போது ஒரு காளான் பண்ணையில் நோய் பார்க்கும் வேலை. பெரிய மைக்ராஸ்கோப் இல்லை. காலையில் காளான் படுக்கைகளுக்கு நடுவே நடக்கும்போது ஈர மண்வாசனை வரும். ஹாஸ்டல் அலமாரியில் நீ பூஞ்சை வளர்த்த மூலையில் வந்த அதே வாசனை. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

இரக்கம் வரட்டும் என்று இதை எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கலியம்மாள்


அரியலூர்
25.11.2007

கலி,

முந்தாநாள் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆயிற்று. வெடி வெடித்தார்கள். உறையில் சரியாக எழுது.

திருத்தம் வந்தது. என் பெயரில் ஒரு ஆங்கில எழுத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூட லேபைத் திறந்து, மைக்ராஸ்கோப்பைத் துடைத்தேன். பழைய பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார்க்க எனக்குப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது.

தோண்டி முடித்துக் கைவிட்ட குழிகளைச் சுற்றிக் கழிவு மண் மேடு மேடாகக் கிடக்கிறதே, முழுக்கச் சுண்ணாம்பு, அதில் எந்த மரக்கன்று நட்டாலும் காய்ந்துவிடுகிறது. நம்முடைய பூஞ்சை சுண்ணாம்பு மண்ணுக்கு ஆகாது என்று புத்தகம் சொல்கிறது. நானும் ஞாயிறு தோறும் அலைந்தேன். ஒரு மேட்டின் சரிவில், தானாக முளைத்த ஒரு தைலமரத்தடியில், ஒற்றை உருண்டை. எருமைச் சாணி மாதிரியே. அதை எடுத்து வளர்த்தேன். நாற்றுகளின் வேரில் ஏற்றினேன். மேட்டில் நூறு கன்று இதோடு, நூறு கன்று இது இல்லாமல். ஒன்றரை வருடம் ஆயிற்று. இல்லாததில் பதினெட்டு நிற்கிறது. இருப்பதில் அறுபத்து நாலு. இழையையும் பார்த்தேன். குழாய்கள் ஓடுகின்றன, சுண்ணாம்பிலும்.

திருச்சியில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிந்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதில் மாணவி ஐ.டி. கார்டு. சுகன்யா கேலி செய்கிறாள். இவர் ஞாயிற்றுக்கிழமை குடத்தை சைக்கிளில் கட்டி மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவார். இப்போது முதுகுவலி, ஆள் கிடைக்கவில்லை, கோடையை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

கட்டுரையை இத்துடன் அனுப்புகிறேன். மொழி பார்க்க அல்ல. இதில் நீ எனக்குக் கடிதத்தில் சொன்னது, உன் கட்டுரையில் நான் படித்தது, உன்னுடையது என்று ஏதாவது என்னை அறியாமல் கலந்திருக்கிறதா பார். இருந்தால் கோடு போட்டு அனுப்பு. உன் பெயரைப் போட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.

பரிமளா


அடிலெய்டு மலைப்பகுதி
16.12.2007

அன்புள்ள பரி,

மூன்று முறை படித்தேன். கையில் பென்சிலோடுதான் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், என்னுடையது ஏதாவது இருக்காதா என்று ஆசையாகத் தேடினேன். ஒரு சொல் கிடைத்திருந்தாலும் கோடு போட்டிருப்பேன். இல்லை. ஒரு வரிகூட இல்லை. எல்லாம் உன்னுடையது. கோடு போடாமலே திருப்பி அனுப்புகிறேன். தயங்காமல் கொடு.

அறுபத்து நாலு கன்றுகள் என்று படித்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன். அப்பா நின்ற குழிப்பக்கமா அது? கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன்.

பண்ணையில் சொல்லிவிட்டேன். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் நான் அங்கே இருக்க முடியும். மகேஷ் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். உன் வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம், பழையபடி பேச வேண்டும் என்றும் இல்லை. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். நான் வரட்டுமா?

உன் நோட்டுப் புத்தகத்தில் கை வைக்க மாட்டேன். குடம் மட்டும் தூக்குகிறேன்.

கலி